லாரி ஹாரன், ஃபேன் காற்று, மைக் செட்: வீட்டுக் கணினியின் மைக்கைச் சரிசெய்வது எப்படி?

கிருஷ்ணகிரி சுங்கச்சாவடிப் பக்கமோ தர்மபுரி புறவழிச்சாலைப் பக்கமோ வீடு இருந்தால், ஜூம் கூட்டத்தில் நீங்கள் வாய் திறக்கும் முன்பே உங்கள் தெரு பேசத் தொடங்கிவிடும். ஸ்ரீநகரில் கிளம்பிக் கன்னியாகுமரி வரை போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி என்று இந்த இரண்டு மாவட்டங்களின் நடுவில்தான் ஓடுகிறது. பெங்களூரிலிருந்து சென்னைக்குப் போகிற வண்டிகளில் பலவும் கிருஷ்ணகிரி வந்துதான் திரும்புகின்றன. ராத்திரி பகல் என்று லாரிக்குக் கணக்கில்லை. ஆனி மாதம் வந்தால் மாங்கூழ் ஆலைகளுக்கு லோடு ஏற்றிய டிராக்டர்களும் சேர்ந்துகொள்ளும்.

இந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் பலர் பெங்களூரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்கள், ஆன்லைனில் டியூஷன் எடுக்கிறார்கள், டிஎன்பிஎஸ்சி பாடங்களைப் பதிவு செய்து யூடியூபில் போடுகிறார்கள். "உங்க பக்கம் ஒரே சத்தமா இருக்கு, கொஞ்சம் மியூட் பண்ணிக்கோங்க" என்பதைக் கேட்காதவர் அவர்களில் குறைவு.

கணினியில் மைக் செட்டிங்ஸ் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். சத்தத்தை நீக்கும் மென்பொருள் எது நல்லது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து, மைக்கில் விழும் ஒலியைப் பெருக்கும் 'பூஸ்ட்' என்ற ஒன்றை இறக்கினாலே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

என்ன சத்தம் என்று முதலில் கேளுங்கள்

விண்டோஸ் 11 என்றால் 'சவுண்ட் ரெக்கார்டர்', விண்டோஸ் 10 என்றால் 'வாய்ஸ் ரெக்கார்டர்' என்ற செயலி ஏற்கெனவே உள்ளே இருக்கும். ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, பெயரைத் தட்டச்சு செய்தால் வந்துவிடும். பதிவைத் தொடங்கிவிட்டு முதல் பத்து விநாடி ஒன்றும் பேசாதீர்கள். பிறகு வழக்கமாகக் கூட்டத்தில் பேசும் குரலில் அரை நிமிடம் பேசுங்கள். நிறுத்திவிட்டு இயர்போனில் கேளுங்கள். லேப்டாப் ஸ்பீக்கரில் கேட்டால் பாதி இரைச்சல் உங்களுக்கே தெரியாது, எதிர்முனையில் ஹெட்போன் போட்டிருப்பவருக்கு மட்டும் தெரியும்.

அந்தப் பத்து விநாடியில் கேட்பது எந்த வகை என்று பிரித்துக்கொள்ள வேண்டும். சீலிங் ஃபேன், ஃபிரிட்ஜ், போர்வெல் மோட்டார், லேப்டாப்பின் உள்விசிறி எல்லாம் ஒரே மாதிரி ஓடிக்கொண்டிருக்கும் சத்தம். மென்பொருள் இதை எளிதாக நீக்கும். ஹாரன், மிக்ஸி, சேவல், கீழே விழும் பாத்திரம் எல்லாம் வந்து வந்து போகும் சத்தம். இதில் ஓரளவு நீங்கும், ஓரளவு தப்பித்து வரும். மூன்றாவது வகை மனிதக் குரல். பக்கத்து வீட்டு டிவி, அடுத்த அறையில் குழந்தைகள், மாரியம்மன் கோயில் மைக் செட்டில் பாட்டு. இதை நீக்குவதுதான் மிகக் கடினம், ஏனென்றால் இந்த மென்பொருள்களெல்லாம் மனிதக் குரலைக் காப்பாற்றுவதற்கென்றே பழக்கப்படுத்தப்பட்டவை. பாட்டுப் பாடுவதும் அவற்றுக்குக் குரல்தான்.

ஆகவே ஆடி மாதத்தில் கோயில் கூம்பு ஸ்பீக்கரை எந்த செட்டிங்ஸாலும் முழுதாக மறைக்க முடியாது. பாடம் பதிவு செய்பவர்கள் நேரத்தை மாற்றிக்கொள்வதே வழி. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. பண்டிகை நாட்களில் நள்ளிரவு வரை விலக்குக் கொடுக்க அரசுக்கு அதிகாரம் உண்டு என்பதால், விடியற்காலை நான்கிலிருந்து ஆறுக்குள் பதிவு செய்வது பத்திரம். சேவலை மட்டும் விதி கட்டுப்படுத்தாது.

தூரமும் பூஸ்ட்டும்

லேப்டாப் மைக் பெரும்பாலும் திரையின் மேல்விளிம்பில், கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு ஊசித் துளையாக இருக்கும். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தால் உங்கள் வாய்க்கும் அதற்கும் 60 சென்டிமீட்டர் தூரம். மேலே சுற்றும் ஃபேனும் அதற்குப் பெரிய தூரத்தில் இல்லை. உங்கள் குரல் மெலிதாக வருவதால் லேப்டாப் என்ன செய்கிறது? உள்ளே இருக்கும் பூஸ்ட்டை ஏற்றி எல்லாவற்றையும் சேர்த்துப் பெரிதாக்குகிறது. குரலும் ஏறும், ஃபேனும் ஏறும், ரோட்டில் போகும் லாரியும் ஏறும். 20 டெசிபல் பூஸ்ட் என்றால் மைக்கிலிருந்து வரும் ஒலியலை பத்து மடங்கு பெரிதாகிறது என்று அர்த்தம்.

இப்போது தூரத்தைக் குறைத்துப் பாருங்கள். மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் கூடும். 60 சென்டிமீட்டரை 15 ஆக்கினால் 12 டெசிபல். ஃபேனும் லாரியும் இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன, அவற்றின் அளவு கூடாது. குரல் கூடிவிட்டதால் பூஸ்ட்டை அந்த அளவுக்கு இறக்கலாம். இறக்கினால் சுற்றுச் சத்தம் மட்டும் அடங்கும். ஒரு ரூபாய் செலவில்லாமல், குரலைச் சிதைக்காமல் சத்தம் குறைய இதைவிட நல்ல வழி கிடையாது.

15 சென்டிமீட்டரில் லேப்டாப்பை முகத்துக்கு நேரே வைத்துப் பேச முடியாதுதான். போனோடு வந்த வயர் இயர்போன் வீட்டில் எங்காவது கிடக்கும், அதை எடுத்து லேப்டாப்பில் செருகுங்கள். வயரில் இருக்கும் சின்ன மைக் தாடைக்குக் கீழே வரும். சட்டைக் காலரில் உரசாமல் ஒரு கிளிப் போட்டுக்கொண்டால் போதும். பழைய டெஸ்க்டாப்பில் மைக்குக்கு இளஞ்சிவப்பு, ஸ்பீக்கருக்குப் பச்சை என்று தனித்தனித் துளை இருக்கும். அதில் போன் இயர்போனை நேராகச் செருகினால் பாட்டு கேட்கும், மைக் வேலை செய்யாது. இரண்டாகப் பிரியும் ஒரு சின்ன கேபிள் மொபைல் கடையில் கேட்டு வாங்குங்கள்.

புளூடூத் இயர்பட்ஸ் வசதியாக இருக்கும், ஆனால் மைக் ஓடத் தொடங்கியதும் பல கணினிகளில் புளூடூத் போன்கால் தரத்துக்கு இறங்கிவிடும். குரல் அடைத்த மாதிரி போகும். வேலைக் கூட்டத்துக்குப் பரவாயில்லை, பாடம் பதிவு செய்ய வேண்டாம்.

விண்டோஸில் எங்கே போய் மாற்றுவது

விண்டோஸ் 11இல் கடிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஸ்பீக்கர் படத்தின் மேல் மவுஸின் வலது பட்டனை அழுத்தி 'சவுண்ட் செட்டிங்ஸ்' போங்கள். கீழே 'இன்புட்' என்ற பகுதி இருக்கும். அங்கே எந்த மைக் தேர்வாகியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். இயர்போன் செருகியும் லேப்டாப்பின் சொந்த மைக்கே தேர்வில் இருப்பது மிகச் சாதாரணமாக நடக்கும். மைக்கின் மேல் விரலால் மெதுவாகத் தட்டுங்கள். பக்கத்தில் உள்ள கோடு துள்ளினால் சரியான மைக்.

மைக் பெயருக்கு எதிரே உள்ள அம்புக்குறியை அழுத்தினால் 'இன்புட் வால்யூம்' வரும், அதை 75 அல்லது 80இல் வையுங்கள். பூஸ்ட் இந்தப் பக்கத்தில் இருக்காது. முந்தைய பக்கத்துக்குத் திரும்பி அடிவரை இறங்கினால் 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்' என்று ஒன்று இருக்கும். அழுத்தினால் பழைய காலத்துச் சின்னப் பெட்டி ஒன்று திறக்கும். அதில் 'ரெக்கார்டிங்' பகுதி, அதில் உங்கள் மைக்கை இரண்டு முறை அழுத்தி, 'லெவல்ஸ்'. இங்கேதான் 'மைக்ரோபோன் பூஸ்ட்' ஒளிந்திருக்கிறது. விண்டோஸ் 10இல் சவுண்ட் செட்டிங்ஸ் பக்கத்திலேயே 'சவுண்ட் கன்ட்ரோல் பேனல்' என்று இருக்கும், அதுவும் இதே பெட்டிக்குத்தான் கொண்டுபோகும்.

பூஸ்ட் 20 அல்லது 30இல் இருந்தால் முழுதாகச் சுழியத்துக்கு இறக்கி, மறுபடி ஒரு பதிவு செய்து கேளுங்கள். குரல் போதவில்லை என்றால் 10க்கு ஏற்றுங்கள். அதற்கு மேல் தேவைப்பட்டால் மைக் இன்னும் தூரத்தில் இருக்கிறது என்று அர்த்தம், பூஸ்ட்டைத் தொடாமல் மைக்கை நகர்த்துங்கள். யுஎஸ்பி மைக்குகளில் இந்த பூஸ்ட் கோடே பெரும்பாலும் இருக்காது. அங்கே வால்யூம் ஒன்றுதான்.

அதே பெட்டியில் 'லிசன்' என்ற பகுதியில் 'லிசன் டு திஸ் டிவைஸ்' என்பதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். உங்கள் குரல் ஸ்பீக்கரில் வந்து, ஸ்பீக்கரிலிருந்து மைக்குக்குப் போய், கீச்சென்று கத்தும். யாரோ எப்போதோ சோதித்துவிட்டு மறந்துபோன டிக்காக இருக்கும்.

அரசு கொடுத்த பழைய லேப்டாப்பில் லினக்ஸ் வைத்திருப்பவர்கள் டெர்மினலில் 'ஆல்சாமிக்சர்' (alsamixer) திறந்து, எஃப்4 அழுத்தினால் 'இன்டர்னல் மைக் பூஸ்ட்' கோடு தெரியும். அதே கதைதான். ஒலி செட்டிங்ஸில் மைக் அளவை 100 சதவீதத்துக்கு மேல் இழுக்க இடம் கொடுக்கும், இழுக்காதீர்கள். 100க்கு மேல் போவதெல்லாம் இரைச்சலோடு சேர்த்துப் பெருக்குவதுதான்.

கரண்டில் வரும் 'ம்ம்ம்'

ஃபேனை நிறுத்தியும், கதவைச் சாத்தியும், பதிவில் அடியில் ஒரு 'ம்ம்ம்' என்ற முனகல் விடாமல் கேட்டால் அது காற்றில் வந்த சத்தமே இல்லை. நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 தடவை மாறுகிறது. அந்த 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் சார்ஜர் வழியாக மைக் கம்பியில் ஏறிக்கொள்கின்றன. சோதிப்பது எளிது: சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் பத்து விநாடி பதிவு செய்யுங்கள். முனகல் போய்விட்டால் குற்றவாளி தெரிந்துவிட்டது.

முக்கியமான இன்டர்வியூவுக்கு பேட்டரியை நிரப்பிவைத்து, சார்ஜர் இல்லாமல் உட்காருங்கள். நிரந்தரத் தீர்வு என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த பிளக் பாயிண்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மூன்று துளை இருந்தும் எர்த் கம்பியே இழுக்காத வீடுகள் ஏராளம். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் ஆக்கும் அடாப்டரில் செருகியிருந்தால் அதையும் தூக்கிப்போடுங்கள்.

கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஓடும்போது மட்டும் உறுமல் கூடுகிறதா? பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் இது வழக்கம், சீலிங் ஃபேனே வேறு மாதிரி உறுமுவதைக் கவனித்திருப்பீர்கள். அந்த நேரத்தில் லேப்டாப்பை இன்வெர்ட்டரிலிருந்து கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள். சைன் வேவ் இன்வெர்ட்டரில் இந்தத் தொல்லை குறைவு.

மென்பொருள் ஒன்றே ஒன்று

இப்போது மென்பொருளுக்கு வரலாம். ஆள்கள் தவறுவது இங்கேதான். விண்டோஸில் 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' போட்டிருப்பார்கள். லேப்டாப் கம்பெனி தந்த செயலியிலும் சத்தநீக்கம் போட்டிருப்பார்கள். ஜூமில் 'ஹை'. ஒரே சட்டையை மூன்று தையல்காரர்கள் தனித்தனியாக அளவு குறைத்த மாதிரி, கடைசியில் கழுத்தே நுழையாது. ஒவ்வொன்றும் முந்தையது சிதைத்த குரலை இரைச்சல் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் வெட்டும். குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலாகி, சொற்களின் கடைசி அசை விழுங்கப்படும். தமிழில் அது சின்ன விஷயமில்லை. 'சொல்லுங்க' என்று மேனேஜரிடம் சொன்னது அவர் காதில் 'சொல்லு' என்று விழும்.

ஒரே இடத்தில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஜூம், டீம்ஸ் பயன்படுத்துபவர்கள் அந்தச் செயலியிலேயே வைத்துக்கொண்டு, விண்டோஸ் 11இல் மைக்கின் செட்டிங்ஸ் பக்கத்தில் உள்ள 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்பதை 'ஆஃப்' செய்யுங்கள். எனக்குப் பிடித்த முறை இதுதான், ஏனென்றால் ஜூம் காரர்கள் தங்கள் செயலிக்கு ஏற்றபடி அதைச் செய்திருக்கிறார்கள்.

ஜூமில் செட்டிங்ஸ், ஆடியோ என்று போனால் பின்னணிச் சத்தத்தைக் குறைப்பதற்கு ஆட்டோ, லோ, மீடியம், ஹை என்ற தேர்வுகள் இருக்கும். ஃபேன் மட்டும்தான் தொல்லை என்றால் 'லோ' போதும். பேனா தட்டுவது போன்ற சின்னச் சத்தமும் சேர்ந்தால் 'மீடியம்'. 'ஹை' என்பது கீபோர்டு தட்டும் சத்தம் தொல்லை தந்தாலோ, மிக்ஸி ஓடும் சமையலறைக்குப் பக்கத்தில் உட்கார நேர்ந்தாலோ மட்டும். அதே பக்கத்தில் 'ஆட்டோமேட்டிக்கலி அட்ஜஸ்ட் மைக்ரோபோன் வால்யூம்' என்று ஒரு டிக் இருக்கும். நீங்கள் பேசாமல் இருக்கும்போது அது மைக் அளவை மெல்ல மெல்ல ஏற்றும், தெருச் சத்தம் பொங்கி வரும். பூஸ்ட்டையும் தூரத்தையும் சரிசெய்துவிட்டவர்கள் இந்த டிக்கை எடுத்துவிடலாம். பக்கத்திலேயே 'டெஸ்ட் மைக்' பட்டன் உண்டு, பேசியதைத் திரும்பக் கேட்கவைக்கும்.

டீம்ஸில் செட்டிங்ஸ், டிவைசஸ் போனால் 'நாய்ஸ் சப்ரெஷன்'. கூகுள் மீட்டில் தனியான சத்தநீக்க வசதி சில கட்டணத் திட்டங்களுக்குத்தான். ஆனால் குரோம் பிரவுசரே தன் பங்குக்கு ஓரளவு வடிகட்டிவிடும்.

பாட்டு வகுப்பு, நாதஸ்வரம், பம்பை சொல்லிக்கொடுப்பவர்கள் இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். வாத்தியத்தை இந்த மென்பொருள்கள் இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அமுக்கிவிடும். ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்பதைப் போட்டு, சத்தநீக்கத்தை முற்றிலும் நிறுத்துங்கள்.

பாடம் பதிவு செய்பவர்களுக்கு

நேரலை இல்லாமல் பதிவு என்றால் உங்களுக்கு அவகாசம் உண்டு. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். பதிவின் தொடக்கத்தில் ஐந்து விநாடி பேசாமல் விடுங்கள், ஃபேன் ஓடட்டும். பிறகு பேசுங்கள். முடிந்ததும் அந்த ஐந்து விநாடியை மட்டும் மவுஸால் தேர்ந்தெடுத்து, எஃபெக்ட் பட்டியலில் 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' திறந்து 'கெட் நாய்ஸ் புரொஃபைல்' அழுத்துங்கள். இரைச்சல் எப்படி இருக்கும் என்று அது தெரிந்துகொண்டது. இப்போது முழுப் பதிவையும் தேர்ந்தெடுத்து, அதே எஃபெக்ட்டைத் திறந்து, குறைப்பு அளவை 6க்கும் 12 டெசிபலுக்கும் நடுவில் வைத்துக் கொடுங்கள்.

ஓகே அழுத்தும் முன் 'ரெசிட்யூ' என்று இருப்பதைத் தேர்ந்து 'பிரிவியூ' கேளுங்கள். நீக்கப்போகும் பகுதி மட்டும் கேட்கும். அதில் ஃபேன் சத்தம் மட்டும் இருந்தால் நல்லது. உங்கள் குரல் கசிந்தால் அளவைக் குறையுங்கள். பிறகு மறக்காமல் 'ரிடியூஸ்' என்பதற்கு மாற்றிவிட்டு ஓகே கொடுங்கள், இல்லையென்றால் இரைச்சலை மட்டும் சேமித்துவிடுவீர்கள்.

ஃபேனை நிறுத்தி நிறுத்திப் பதிவு செய்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: ஒவ்வொரு துண்டுக்கும் இரைச்சல் வேறு. ஒரு துண்டில் எடுத்த புரொஃபைலை இன்னொன்றுக்குப் போடாதீர்கள்.

ஓபிஎஸ் ஸ்டுடியோவில் நேரலை செய்பவர்கள் மைக்கின் 'ஃபில்டர்ஸ்' பகுதியில் 'நாய்ஸ் சப்ரெஷன்' சேர்த்து, அதில் 'ஆர்என்நாய்ஸ்' முறையைத் தேர்ந்தெடுங்கள். கணினிக்குச் சுமை அங்கேயே உள்ள இன்னொரு முறையான ஸ்பீக்ஸை விடச் சற்றுக் கூடும், தரம் நிறையவே மேல். குரலின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் 'கம்ப்ரஸர்' சேர்ப்பதாக இருந்தால் சத்தநீக்கத்துக்குக் கீழேதான் வர வேண்டும். மேலே வந்தால் இரைச்சலைத் தூக்கிவிட்டுப் பிறகு நீக்கச் சொல்வதாகும். பேசும்போது மீட்டர் மஞ்சள் பகுதியில் ஆட வேண்டும், சிவப்பைத் தொட்டால் வால்யூம் கூடுதல்.

அறையும் மைக்கும்

இங்கே பல வீடுகளில் தரை கிரானைட், சுவர் சிமென்ட், சாமான் குறைவு. குரல் முட்டி முட்டித் திரும்பும். இந்த எதிரொலியை சத்தநீக்க மென்பொருள் சரியாக எடுக்காது. துணி அடுக்கிய அலமாரியைத் திறந்துவைத்து அதைப் பார்த்துப் பேசுங்கள், முதுகுக்குப் பின்னால் கொடியில் ஒரு கனமான போர்வை தொங்கட்டும். ஜன்னல் ரோட்டுப் பக்கம் என்றால் எதிர்ப்பக்க அறைக்கு மாறுங்கள். தகர ஷீட் கூரையில் மழை கொட்டும்போது பதிவு செய்ய வேண்டாம்.

ஃபேன் காற்று நேராக மைக்கில் அடிக்கக் கூடாது. ஃபேன் சத்தத்தை விட அந்தக் காற்று உண்டாக்கும் 'பட பட' ஒலிதான் மோசம். லேப்டாப்பைக் கட்டில் மெத்தை மேல் வைத்தால் காற்றுத்துளை அடைத்து, உள்விசிறி அலறும். மேசை மேல் வையுங்கள்.

மைக் வாங்கியே தீருவேன் என்பவர்கள் விளம்பரத்தில் வரும் பெரிய கண்டென்சர் மைக்கை முதலில் வாங்க வேண்டாம். அது நுட்பமாகக் கேட்கும், அடுத்த தெரு நாயையும் சேர்த்து. வாய்க்கு முன்னால் கம்பி நீளும் யுஎஸ்பி ஹெட்செட் வேலைக்குப் போதும். யூடியூபுக்கு என்றால் அவ்வளவு நுட்பமாகக் கேட்காத டைனமிக் மைக் ஒன்றை ஒரு சாண் தூரத்துக்குள் வைத்துப் பேசுங்கள். கார்டியாய்டு என்று போட்டிருந்தால் அதன் முதுகுப் பக்கம் சத்தம் குறைவாக ஏறும், அந்த முதுகை ரோட்டு ஜன்னல் பக்கம் திருப்பிவையுங்கள். சில மைக்குகளில் உச்சியில் பேசக் கூடாது, பக்கவாட்டில் கம்பெனி பெயர் போட்ட முகத்தில்தான் பேச வேண்டும். டப்பாவில் படம் போட்டிருக்கும், பாருங்கள்.

விண்டோஸ் அப்டேட் ஆன மறுநாள் இன்டர்வியூ இருந்தால் லெவல்ஸ் பெட்டியை ஒருமுறை திறந்துவிடுங்கள். ஒலி டிரைவர் புதிதாக ஏறியிருந்தால் பூஸ்ட்டும் என்ஹான்ஸ்மென்ட்ஸும் பழையபடி மாறியிருக்கலாம்.